வாள்வீரனுக்கு அறிவு வேண்டுமா?

சென்ற விடுமுறையில் ஒருநாள், கிரானில் நம் மாணவர் நால்வர் மேசையொன்றைச் சூழ்ந்திருந்து பகடை உருட்டி விளையாடக் கண்டோம். அவருள் ஒருவன், தான் ஏற்றிருந்த வாள்வீரனுக்கு உடல்வலி 18 எனவும் அறிவு 6 எனவும் தாளிற் குறித்திருந்தான். “தம்பி, அறிவை இவ்வளவு குறைத்தது ஏன்?” என்று வினவினோம். “வாள் பிடிக்கிறவனுக்கு அறிவு என்னத்துக்கு, சேர்?” என்றான். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாட்டத்தை அறியாத பழைய மாணவர் பொருட்டு முதற்கண் சில கூறுவோம். அமெரிக்கரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி, 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. நம் வடமோடிக் கூத்தில் ஒருவர் அருச்சுனனாகவும் மற்றொருவர் வீமனாகவும் வருவதுபோல, இங்கும் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஆயின் களரியும் இல்லை. முன்னரே எழுதிய பாட்டும் இல்லை. ஆட்டத்தை நடத்துவோன் சூழ்நிலையை எடுத்துரைப்பான். மற்றையோர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். ஐயமான இடத்துப் பகடை தீர்ப்புக் கூறும். உடல்வலி, உடலுறுதி, விரைவுத்திறன், அறிவு, விவேகம், பிறரை ஈர்க்கும் ஆற்றல் என்னும் ஆறு பண்புகளுக்கும் எண்கள் உண்டு. முதற் பதிப்பில் மூன்று பகடைகளை உருட்டிப் பெற்றமையால் அவை 3 முதல் 18 வரை அமைந்தன.

பின்வந்த பதிப்புகளில், கிடைத்த எண்களை வேண்டியவாறு பங்கிடும் உரிமை ஆடுவோர்க்கு வாய்த்தது. வெட்டுவதற்கு உடல்வலியும், வெட்டைத் தாங்குவதற்கு உடலுறுதியும் துணையாகும். மந்திரவாதிக்கு அறிவே படைக்கலம். வாள்வீரனுக்கோ போர்க்களத்தில் அறிவெண்ணாற் பெரும்பயன் இல்லை. ஆதலின் மிகச் சிறிய எண்ணை அறிவின் தலையிற் கட்டிவிடுதல் வழக்கமாயிற்று. மாணவன்மீது குற்றமில்லை, விதியே அவ்வாறு கற்பித்தது.

விதி வகுத்தோரும் இக்குறையை உணராதிருந்தாரல்லர். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், தாக்கும் திறனைச் சிறிது விட்டுத் தற்காப்பைப் பெருக்கும் நுட்பத்தைக் கற்க அறிவு 13 வேண்டும் என்றனர். 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில், பகைவன் இடந்தரும் வேளை பார்த்து வீரன் வெட்டும் வெட்டுக்கு விவேகம் துணையாயிற்று. இவை நல்லனவே. ஆயினும் மனத்தின் ஆற்றல் ஒரு கணக்காக வந்ததேயன்றி, அறிதலாக வரவில்லை.

அங்ஙனமாயின் போரில் அறிவின் தொழில்தான் யாது? மட்டக்களப்பார்க்கு இது புதிய வினா அன்று. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இயைந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரியாரும் தென்சேரியாரும் இரு கொம்புகளைக் கொளுவி, கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவராவர். இழுப்பது தோள்; முறியாத கொம்பைத் தேர்வது அறிவு.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்தார். மூன்றும் ‘அறிதல்’ என்றே முடிதல் காண்க. இவற்றை ஆட்டத்தினுட் புகுத்தலாம். போர் தொடங்குமுன் வீரன் தன் அறிவெண்ணைக் கொண்டு பகடை உருட்டட்டும். வென்றால், பகைவன் ஒரு காலை இழுத்து நடக்கிறான், அவன் கவசத்தின் வார் தளர்ந்துள்ளது என்பன போன்ற ஓர் உண்மையை நடத்துவோன் சொல்லவேண்டும். இது வலியறிதல். விவேகம் மிக்கவன் பதுங்கியிருப்போரை முன்னுணர்ந்து, பாயும் கணத்தைத் தானே தெரிந்துகொள்வான். இது காலமறிதல். கால் புதையும் சேற்றில் யானையை நரியும் கொல்லும் என்பது வள்ளுவர் காட்டும் உவமை. மாரி வெள்ளம் வயலை மூடிய வேளையில் வரம்பு எது, மடு எது என அறிந்த வீரன், தன்னினும் வலிய பகைவனைச் சேற்றுக்கு இழுத்து வெல்லலாம். இது இடனறிதல். ஈர்க்கும் ஆற்றலுக்கும் பணி உண்டு. தலைவரில்லாத படை படையன்று என்பது படைமாட்சி அதிகாரத்துக் கருத்து. ஆதலின் அஞ்சிய தோழரை ஒரு சொல்லால் மீட்கும் உரிமையை அவ்வெண்ணுக்கு அளிக்கலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அறிவு 6 உள்ள வீரனுக்காக, ஆடுபவன் தன் சொந்த மதியினால் எல்லாச் சூழ்ச்சியும் கூறுவானாயின் அவ்வெண் பொருளற்றதாகும். எவ்வளவு செய்தி கிடைக்கும் என்பதை எண் முடிவுசெய்யட்டும். கிடைத்த செய்தியைக் கொண்டு செய்வது யாதென்பதை ஆடுபவன் முடிவுசெய்யட்டும்.

அம்மாணவனின் வினா ஆட்டத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. விளையாட்டுத் திடலில் முதல்வனாய் நிற்பவனிடம் பாடத்தை அதிகம் எதிர்பாராது விடுதல் ஆசிரியராகிய நம்மிடமும் உள்ள குறையே. ‘உனக்கு உடல்வலி 18, அறிவு 6 போதும்’ என்று அவன் தாளில் நாமே எழுதிவிடுகின்றோம்.

மேற்கூறிய விதிகளோடு அம்மாணவர் மறுபடி ஆடினர். அவன் தன் புதிய வீரனுக்கு அறிவு 14 இட்டிருந்தான். ஆட்டத்தின் விதியைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாயிற்று. வகுப்பறையின் விதியைத் திருத்துதல் நம் கடனாக எஞ்சி நிற்கின்றது.