பழசு கெட்டியா? புதுசு கெட்டியா?
கரிசல் மண்ணில் மண் அள்ளும் எந்திரங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கினால்தான் வயலுக்குத் தண்ணீர். அதற்கு முன்பே, கோடையில் கண்மாயைத் தூர் வாரவேண்டும். கரையைப் பலப்படுத்தவேண்டும். சீமைக்கருவேல மரத்தை வேரோடு பிடுங்கவேண்டும்.

ஒரு காலத்தில் இந்த வேலையை மண்வெட்டியும் கூடையும் செய்தன. இன்று செய்வது "பொக்லைன்". அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். நம் ஊரில் எந்திரத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது!

அந்த எந்திரம் நடுக் கண்மாயில் நின்றுவிட்டால்? வாங்கியவருக்குத் தவணை நிற்காது. ஊருக்கு மழை காத்திருக்காது.

ஸ்பேனர் வைத்தியம்

பழைய டீசல் எஞ்சினில் எல்லாம் இரும்பு வேலை. பம்ப் டீசலை அழுத்தும். நாசில் அதைப் பீய்ச்சும். கோளாறு வந்தால், சத்தத்தைக் கேட்டே மெக்கானிக் சொல்லிவிடுவார். ஸ்பேனரும் அனுபவமும் போதும். ஆனால் டீசல் அதிகம் குடிக்கும். கரும்புகை கக்கும்.

பெட்டிக்குள் மூளை

புகையைக் குறைக்க அரசு புது விதி கொண்டுவந்தது. சக்கரங்களில் ஓடும் மண் அள்ளும் எந்திரங்களுக்கு அது 2021 ஏப்ரலிலும், 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலும் அமலுக்கு வந்தது. அதன்பின் எலெக்ட்ரானிக் எஞ்சின்கள் பெருகின.

இவற்றில் சென்சார்கள் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கும். ஒரு சிறு கம்ப்யூட்டர் டீசலை அளந்து கொடுக்கும். எஞ்சின் மிதமிஞ்சிச் சூடானால் எச்சரிக்கும். பெரிய சேதம் தப்பும்!

ஆனால் டீசலின் அழுத்தம், காற்றின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கைத் தாண்டும். துளித் தண்ணீரும் துளித் தூசியும் எமன். ஒயரை எலி கடித்தாலும் போச்சு! கோளாறை அறிய ஸ்கேனர் வேண்டும். அதுவரை வண்டி நிற்கும்.

எது கெட்டி?

புது எஞ்சினின் இரும்பு பலவீனமானது அல்ல. பழுது பார்க்கும் வழிதான் தூரமாகிவிட்டது. மத்திய அரசு 2022 டிசம்பரில் "பழுது பார்க்கும் உரிமை" இணையதளத்தைத் தொடங்கியது. அதில் விவசாயக் கருவிகளும் அடங்கும்.

வாங்கும் முன் விலையை மட்டும் கேட்காதீர்கள். ஸ்கேனர் உள்ள மெக்கானிக் எத்தனை மைலில் இருக்கிறார், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். வாங்கிய பின் டீசல் வடிகட்டியைக் காலத்தில் மாற்றுங்கள்.

பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இருந்தால், அதுவே கெட்டியான எந்திரம்!