புளூடூத் பலகையைத் தேர்தல்

சிறு மின்னணுக் கருவியொன்றை ஆக்குவோர், அதனைக் கம்பியின்றிக் கைப்பேசியோடு இணைக்க விரும்பின், புளூடூத் தொடர்த்தகவற் பலகையை நாடுவர். இப்பலகைகள் தோற்றத்தால் ஒன்றையொன்று ஒத்திருப்பினும் குணத்தால் வேறுபட்டவை. ஆகவே, விலையை நோக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

முதலாவது, எதனோடு இணைவது? எச்.சி-05, எச்.சி-06 என்பன பழைய முறையைக் கையாள்வன. ஆண்ட்ரொயிட் கைப்பேசியும் கணினியும் இவற்றோடு எளிதில் இணையும். ஐபோனோ, சிறப்பு உரிமம் பெறாத இப்பலகைகளோடு தகவல் பரிமாறாது. அதற்கு, 2010இல் வெளிவந்த நான்காம் பதிப்பின் குறைவலு முறையைப் பின்பற்றும் எச்.எம்-10 ஏற்றது.

இரண்டாவது, அழைப்பது எது? எச்.சி-06 பொதுவாகப் பிறர் அழைப்பை ஏற்க மட்டுமே வல்லது, எச்.சி-05 தானே அழைக்கவும் வல்லது. பழைய முறைப் பலகைகள் இரண்டு தம்முள் உரையாட வேண்டின், அவற்றுள் ஒன்றேனும் எச்.சி-05 ஆதல் வேண்டும்.

மூன்றாவது, மின் எங்கிருந்து வருவது? சிறு மின்கலத்தால் நெடுநாள் இயங்கவேண்டிய கருவிக்குக் குறைவலு முறையே தகும். இடையறாது மிகுந்த தகவலை அனுப்புதற்குப் பழைய முறை சிறந்தது.

எதனைத் தேர்ந்தாலும் ஒன்றை மறக்கலாகாது. இவற்றின் தகவல் முனைகள் 3.3 வோல்ற்றுக்கு அமைந்தவை. ஆர்டுயினோ ஊனோவின் 5 வோல்ற்றைப் பெறுமுனையில் நேரே கொடுப்பின் பலகை பழுதுறக்கூடும். இடையே 1,000 ஓம் தடையையும், பெறுமுனையிலிருந்து புவிமுனைக்கு 2,000 ஓம் தடையையும் இணைப்பின், அவ்வழுத்தம் ஏறத்தாழ 3.3 வோல்ற்றாகக் குறையும். அற்ப விலையுடைய இரு தடைகள் மாணவன் ஒருவனின் பல வார உழைப்பைக் காக்கவல்லன.