கைதட்டுவது போல் துடிக்கும் பவளம்: எதற்காக?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலை உண்டு, கடல் கிடையாது. ஆனாலும் உப்புநீர்த் தொட்டியும் சரியான விளக்கும் இருந்தால் 'ஜீனியா' எனும் மென்பவளம் உங்க ஹாலிலேயே துடிக்கும்.

குட்டிக் கைகளை விரித்து மூடுவதைப் பார்த்தால் இரை பிடிக்குதுன்னு தோணும். செங்கடலில் இதன் உறவுக்காரப் பவளத்தை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு வேறு காரணம் சொல்கிறது.

பவளத்தின் உடம்புக்குள் வாழும் பாசி, வெளிச்சத்தில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. அது அங்கேயே தேங்கினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகிவிடும். ஒவ்வொரு துடிப்பும் அதை விரட்டிவிடுகிறது. ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுகிறது. துடிக்கச் செலவாகும் சக்தியைவிட வரவு அதிகம்!

இரவிலும் ஓயாத அந்தச் செங்கடல் பவளம், பிற்பகலில் சுமார் அரை மணி நேரம் மட்டும் நிறுத்தும். குட்டித் தூக்கம் மாதிரி. அதனால் தொட்டியில் துடிப்பு கொஞ்ச நேரம் நின்றால் பதறாதீங்க. நாள்கணக்கில் நின்றால் தண்ணீரைச் சோதிச்சுப் பாருங்க.