கவரில் வரும் வலி மாத்திரை

காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரம் போன பிறகுதான் கை வழிக்கு வரும். இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி, ஆறு வாரம் தாண்டியும் வற்றவில்லை என்றால் அதை வேலை அலுப்பு என்று தள்ளாதீர்கள். ஊரில் சரவாங்கி எனப்படும் முடக்குவாதமாக இருக்கலாம். நோய் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டுச் சவ்வையே தாக்கும் நோய் இது. பெண்களையே அதிகம் பிடிக்கிறது. அவர்களோ வலியோடு வேலை பார்க்கப் பழகியவர்கள், மருத்துவரிடம் போகத் தாமதிப்பார்கள்.

அந்தத் தாமதத்தில்தான் கவரில் போட்ட பெயரில்லா மாத்திரைகளும் 'மூலிகை'ப் பொடிகளும் வீட்டுக்குள் வருகின்றன. இரண்டே நாளில் வலி பறந்தால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். வலி அடங்கினாலும் எலும்பு அரிப்பு உள்ளே தொடரலாம். ஸ்டீராய்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், அடங்கிக் கிடந்த காசநோய்கூடக் கிளம்பும். மருத்துவர் அளந்து, குறுகிய காலத்துக்குத் தரும் ஸ்டீராய்டு வேறு விஷயம். கவர் மாத்திரையைப் பல வாரம் தின்றவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மீதி மாத்திரையைக் கவரோடு மருத்துவரிடம் காட்டுங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் 'நெகட்டிவ்' என்றதும் நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நோயுள்ள பலருக்கும் அப்படி வரும். 'பாசிட்டிவ்' மட்டும் வைத்து நோய் என்றும் சொல்ல முடியாது. ஆன்டி சிசிபி, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகளோடு மூட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டுவலியும் இதே வேஷம் போடும். மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி மருத்துவரைத் தேடுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே உண்டு.

நோய் உறுதியானதும் பெரும்பாலோருக்கு முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போகலாம். கிழமையைச் சீட்டில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தம், ஈரல் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். குழந்தை பெறும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் இது கூடவே கூடாது.

மருந்துச் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை விற்பது சட்டப்படி தவறு. பில் கேட்டு வாங்குங்கள். லேபிள் இல்லாத மருந்து விற்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. வேறு மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்கள் கையில் இருக்கட்டும்.