வெண்கட்டியும் விசுவாசமும்

கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி மூன்று ஆண்டுகள். முதல் இரண்டும் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியவை. மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றுக்கு அனுப்பப்பட்டுக் கற்பிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் உளவியல் படித்தோம், பாடக்குறிப்பு எழுதப் பழகினோம். ஞாயிறு தோறும் ஆலயத்துக்குப் போனோம். இவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. வகுப்பறைக்குள் கால் வைத்த பின்னர்தான், கிறிஸ்தவர் என்ற வகையில் நாம் இங்கு என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி எம்மை விடாது தொடர்ந்தது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். வாசகர்களில் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர். வகுப்பறையின் மறுபக்கத்தில் நிற்பவர் என்ன எண்ணுகிறார் என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

எமக்குக் கிடைத்தது வலிகாமத்தில் ஓர் அரச பாடசாலை. ஏழாந் தரத்தில் 27 பிள்ளைகள். பலர் 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். காணிகள் பல கட்டங்களாக விடுவிக்கப்பட்டாலும் இவர்களுடையவை இன்னும் கைக்கு வரவில்லை. உறவினர் வளவிலும் வாடகை நிலத்திலும் குடியிருக்கிறார்கள். தம் ஊர் எது என்று கேட்டால் உடனே பெயர் சொல்வார்கள். அந்த மண்ணில் ஒருநாளும் உறங்கியதில்லை.

எமது நாட்டுப் பாடசாலைகளில் சமயம் ஒரு பாடம். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் சமயத்தைப் படிக்கும். சமய பாட மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். 23 பிள்ளைகள் சைவநெறிப் பாடத்துக்கு உள்ளே இருப்பார்கள். மற்ற நால்வரும் எம்முடன் வேப்பமரத்தின் கீழ் வந்து இருப்பார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் இயேசுவைப் பற்றிப் பேச எமக்கு உரிமையுண்டு, பேசினோம். எமது கேள்வி அதைப் பற்றியதல்ல. மீதி நேரமெல்லாம் நாம் கணித ஆசிரியர். கணிதத்தில் விசுவாசத்துக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வி இந்த மண்ணில் இலேசானதன்று. அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டு தெல்லிப்பழையில் தம் பணியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824 இலும் எழுந்தன. அவற்றால் கல்வி பரவியது. அப்பள்ளிகள் ஆட்சேர்க்கும் வலையுமாயிருந்தன என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மிசன் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதன் காரணமும் அதுவே. பிள்ளை படிக்க வேண்டும், ஆனால் தன் சமயத்தை விலையாகக் கொடுக்கக் கூடாது என்றார். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. பாடசாலை கைமாறினாலும் மக்களின் ஐயம் மாறவில்லை என்பதை நாம் நேரிலே கண்டோம்.

வகுப்பில் பின் வாங்கில் ஒரு பையன் இருந்தான். வாய் திறவான். பெருக்கல் வாய்ப்பாடு ஐந்துக்கு மேல் வராது. பள்ளி விட்ட பின் அவனை அரை மணி நேரம் மறித்து வைத்துப் படிப்பித்தோம். நான்காம் நாள் அவனுடைய ஆச்சி வந்தார். நெற்றி நிறைய விபூதி.

“ரீச்சர், கோவியாதேங்கோ. நீங்கள் வேதக்காரர் எண்டு சொல்லுகினம். பொடியனைப் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகும் வச்சிருக்கிறியள். வேதத்துக்கு எடுக்கிற எண்ணமோ?”

“இல்லை ஆச்சி. வாய்ப்பாடு பிந்திப்போச்சு, அதைத்தான் சொல்லிக் குடுக்கிறம். நீங்களும் வந்து இருந்து பாருங்கோ.”

அவர் உண்மையாகவே வந்து இருந்தார். அவர் கேட்டதில் எமக்கு வருத்தமில்லை. இழக்கக் கூடியதையெல்லாம் இழந்த குடும்பம், எஞ்சியதைக் காவல் காக்காமல் என்ன செய்யும்? உதவி என்ற பெயரில் கையில் ஒன்றைக் கொடுத்து மற்றக் கையால் ஒன்றை வாங்கியவர்களை அகதி வாழ்வில் அவர் கண்டிருக்கக் கூடும்.

அப்போது பரப்பளவுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சதுர மீற்றர், ஹெக்ரெயர் என்று நாம் சொல்ல, ஆச்சி நடுவில் மறித்தார். “உதெல்லாம் எங்களுக்கு விளங்காது. எங்கடை தோட்டம் பன்னிரண்டு பரப்பு. அது எவ்வளவு எண்டு இவன் சொல்லட்டும்.”

பையன் தலை நிமிர்ந்தது அப்போதுதான்.

தோட்டக் காணிக்கு 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்காணியென்றால் 24. ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதால் தோட்டக் காணியில் ஒரு பரப்பு 10 பேர்ச். ஆகவே 12 பரப்பு 120 பேர்ச், முக்கால் ஏக்கர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். அதை 16 ஆல் வகுத்து 12 ஆல் பெருக்க வேண்டும். பையன் அரை மணி நேரம் கொப்பியோடு மல்லுக்கட்டினான். விடை 3035 என்று வந்தது. வாய்ப்பாட்டில் ஏழும் எட்டும் தேவைப்பட்டபோது அவனே கேட்டுப் படித்தான்.

அதிபரின் அனுமதியுடன் மறுநாள் ஆச்சியை வகுப்புக்கே அழைத்தோம். கிணறு எங்கே, வாய்க்கால் எப்படி ஓடியது, வெங்காயப் பாத்தி எத்தனை, கிழக்கு எல்லையில் எத்தனை பனை என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் அளவுப்படம் வரைந்தார்கள். அவர்கள் காணாத தோட்டம் அது. ஆச்சி ஓரிடத்தில் பேச்சை நிறுத்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வடக்குப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டு” என்றார்.

அன்று வீட்டுவேலையாக, உங்கள் காணியின் அளவை வீட்டாரிடம் கேட்டு வாருங்கள் என்றோம். மறுநாள் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். “எங்களுக்குக் காணி இல்லை ரீச்சர். அப்பா மற்றவையின்ரை தோட்டத்திலை கூலிக்கு நிண்டவர்.” வகுப்பு அமைதியாயிற்று. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்தப் பார்வையின் பொருள் யாழ்ப்பாணத்தாருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இடம்பெயர்ந்தபோது உறுதியைக் கொண்டு ஓடியவர்களும் இருந்தார்கள், கொண்டு ஓட உறுதியே இல்லாதவர்களும் இருந்தார்கள். காணி திரும்பும் என்ற பேச்சில் இரண்டாவது கூட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

“ஒரு பரப்பைக் கொத்த அப்பாவுக்கு எத்தனை நாள் செல்லும்? கேட்டு வாரும்” என்றோம். தனியாளாக இரண்டரை நாள் என்ற பதிலோடு வந்தாள். 12 பரப்புக்கு 30 நாள், ஐந்து பேர் சேர்ந்தால் ஆறு நாள் என்று அவளே கரும்பலகையில் செய்து காட்டினாள். விகிதசமன் என்ற பாடத்தைத் தொடங்க எமக்கு அதைவிட நல்ல கணக்கு கிடைத்திராது. பின்னர் ஆச்சியின் பேரனே எழுந்து, “அப்ப எங்கடை தோட்டத்தையும் உன்ரை அப்பாதான் கொத்தினவரோ?” என்று கேட்டான். யாருக்கும் தெரியாது. ஆச்சியைக் கேட்டு வருவதாகச் சொன்னான்.

சீடர்கள் தமக்குள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது இயேசு ஒரு பிள்ளையை எடுத்து நடுவில் நிறுத்தினார் என்று நற்செய்தி கூறுகிறது. கணிதத்தில் விசுவாசத்துக்கு என்ன வேலை என்று கேட்டோமல்லவா? பின் வாங்கில் இருப்பவனையும் காணியில்லாதவளையும் நடுவில் நிறுத்துகிற வேலைதான் என்று இப்போது எண்ணுகிறோம். அதற்கு இயேசுவின் பெயரை உச்சரிக்க வேண்டிய தேவை அந்த 27 பேருக்கு முன் எழவில்லை.

இவ்வாறு எண்ணியவர்கள் எமக்கு முன்னரும் இருந்தார்கள். இத்தாலியில் லொறென்சோ மிலானி என்ற குருவானவர் கலென்சானோ என்னும் ஊரில் தொழிலாளருக்கும் கமக்காரருக்கும் மாலைப் பாடசாலை நடத்தினார். அங்கு சுவரிலிருந்த சிலுவையை அவரே கழற்றினார். கோயிலுக்கு வராதவனும் தயக்கமின்றிப் படிக்க வரவேண்டும் என்பதே காரணம். 1954 மார்கழியில் மேலிடத்தார் அவரைப் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துக்கு அனுப்பினர். அங்கேயும் பாடசாலை தொடங்கினார். மூத்த பிள்ளைகள் இளையோருக்குப் படிப்பித்தார்கள்; விடுமுறை கிடையாது. அப்பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து 1967 இல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலை எழுதினர். கமக்காரன் மகனைத் தோற்கடித்து வயலுக்குத் திருப்பி அனுப்பும் பாடசாலை யாருக்காக நடக்கிறது என்பதே அவர்கள் வழக்கு. அதே ஆண்டு தமது 44 ஆம் வயதில் மிலானி காலமானார். விடுமுறையே இல்லாத பள்ளியை நாம் விரும்பவில்லை. பிள்ளைக்கு விளையாட்டும் வேண்டும். கழற்றிய சிலுவையைப் பற்றி மட்டும் அடிக்கடி நினைக்கிறோம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. “அடிச்சுப் படிப்பியுங்கோ ரீச்சர், கண்ணை மட்டும் விட்டிட்டு” என்று பலர் சொன்னார்கள். அடியாத மாடு படியாது என்று பழமொழியும் சொன்னார்கள். பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடை செய்துள்ளன. விவிலியத்தில் பிரம்பைப் பற்றிய வசனத்தைத் தேடி எடுத்து நீட்டும் கிறிஸ்தவரும் உண்டு. நற்செய்தியில் பிள்ளைகளை அடித்த இயேசுவை அவர்கள் காட்டட்டும். விதைப்பவன் உவமையையும் சிலர் இப்படித்தான் கையாளுகிறார்கள். சில பிள்ளை பாறை, சில பிள்ளை முள், நாம் என்ன செய்வது என்கிறார்கள். செம்மண் தோட்டக்காரர் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். பூவரசங் குழை தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்து, கல் பொறுக்கித்தானே அவர்கள் அந்த மண்ணை ஆக்கினார்கள்? காலையில் வெறும் தேநீரோடு வந்து முதலாம் பாடத்தில் தூங்கி விழும் பிள்ளையைப் பாறை என்று எழுதி வைக்க எமக்கு மனம் வரவில்லை. அதிபருடன் பேசி, கணிதத்தை மூன்றாம் பாடத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் எமது பாடக்குறிப்பைப் புரட்டி, பரப்பும் பேர்ச்சும் பாடத்திட்டத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். இல்லை என்றோம். பிள்ளைகளின் கொப்பிகளை வாங்கிப் பார்த்தார். பின் வாங்குப் பையனின் அளவுப்படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தமது சொந்த ஊரில் கிணற்றுக்கு எந்தப் பக்கம் பாத்தி இருந்தது என்று சொல்லத் தொடங்கினார்.

அடுத்த தவணையில் கொள்ளளவுப் பாடம் வருகிறது. லீற்றரோடு கொத்து, புசல் போன்ற பழைய அளவுகளையும் சேர்த்துக்கொள்ள எண்ணியுள்ளோம். வயது போனவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் பிள்ளைகளைக் கொப்பியும் பேனையுமாக அனுப்புவோம். சைவ வீடாயினும் வேதக்கார வீடாயினும், காணி இருந்தவராயினும் கூலிக்கு நின்றவராயினும், ஒரு மணி நேரம் இருத்தி வைத்துக் கதை சொல்லிவிடுங்கள்.