யப்பான் நாட்டில் யோகநெறி

யோகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் இமயச் சாரலும் அங்கு தவமியற்றும் முனிவரும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. அந்நெறியைப் பதஞ்சலி முனிவர் சூத்திரங்களாக வகுத்தார் என்பதும், திருமூலர் அதனைத் தமிழிற் பாடினார் என்பதும் நாம் நன்கறிந்தவை. ஆயின், அந்நெறி கீழ்த்திசை சென்று யப்பான் நாட்டில் வேரூன்றி, அம்மக்களின் இயல்புக்கேற்ப வேறொரு வடிவு கொண்ட வரலாறு நம்மிற் பலர் அறியாதது. அவ்வடிவம் யாது, அது மனத்துக்கும் உடலுக்கும் எவ்வாறு துணைசெய்கின்றது, அதன் எல்லை எது என்னும் மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யோகம் யப்பானை அடைந்த வழிகள் இரண்டு. ஒன்று பழையது, சீனத்தின் ஊடாகப் பௌத்தத்தோடு சென்றது. மற்றையது புதியது, நோயுற்ற ஒரு மனிதர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இமயத்தின் அடிவாரத்திலிருந்து கொண்டுசென்றது.

பழைய வழிக்கு ஒரு சொல்லே சான்றாக நிற்கின்றது. வடமொழியில் 'த்யானம்' எனவும் பாளியில் 'ஜான' எனவும் வழங்கிய சொல், சீனர் நாவிற் 'சான்' ஆகி, யப்பானியர் நாவில் 'ஸென்' ஆயிற்று. ஆகவே, இன்று உலகெங்கும் பேசப்படும் ஸென் என்பது நாம் தியானம் என வழங்கும் சொல்லேயன்றி வேறன்று. தியானத்தை யப்பானுக்குக் கொண்டுசென்றவர் ஸென் துறவியர் மட்டுமல்லர். 804 ஆம் ஆண்டிற் சீனம் சென்று கற்றுத் திரும்பிய கூக்காய் என்னும் துறவி நிறுவிய சிங்கோன் மரபில், 'அ' என்னும் எழுத்தைத் தியானிக்கும் முறை இன்றும் உண்டு. வெண்மதி வட்டத்தினுள் தாமரை. தாமரையின்மேற் சித்தம் என்னும் பழைய இந்திய வரிவடிவில் எழுதிய அகரம். அதனை எதிரில் வைத்து நோக்கி, பின் கண்ணை மூடினும் அது உள்ளத்தில் நிற்கும்வரை பயில்வர். எல்லா ஒலிக்கும் முதலாகிய அகரம், தோற்றமும் அழிவும் இல்லா மெய்ப்பொருளைக் குறிக்கும் என்பது அவர் கொள்கை. அகரத்தை எழுத்துக்கு முதலாகவும் இறைவனை உலகுக்கு முதலாகவும் வைத்து நூலைத் தொடங்கிய வள்ளுவரைக் கற்ற நமக்கு இது அயலான கருத்தன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த டோகென் என்பார் 1227 ஆம் ஆண்டிற் சீனத்திலிருந்து மீண்டு, அமர்ந்து தியானிக்கும் முறையை யாவர்க்கும் பொதுவாக எழுதி வைத்தார். அவர் மனத்தைப் பற்றிப் பேசுமுன் உடலைப் பற்றியே பேசுகின்றார். தடித்த விரிப்பின்மேல் மெத்தையிட்டுப் பதுமாசனத்திலோ அரைப் பதுமாசனத்திலோ அமர்க, முதுகு நிமிர்ந்திருக்க, காது தோளுக்கும் மூக்கு உந்திக்கும் நேராக அமைக, கண் திறந்தே இருக்க, மூச்சு மூக்கின் வழியே மெல்லச் செல்க என அவர் விதிக்கும் முறை மிக நுட்பமானது. உடல் செவ்வனே அமைந்தால் மனமும் தானே அமையும் என்பதே இதன் உட்பொருள். உந்திக்குக் கீழுள்ள அடிவயிற்றைத் 'தாண்டென்' என யப்பானியர் அழைப்பர். உடலின் நிலைக்கும் உள்ளத்தின் உறுதிக்கும் அவ்விடமே நடு என்பது அவர்தம் கொள்கை. மற்போர் வீரர் முதல் எழுத்தோவியம் தீட்டுவோர் வரை பலரும் இதனைப் போற்றுவர்.

இனி, புதிய வழிக்கு வருவோம். 1876 ஆம் ஆண்டிற் பிறந்த நாக்கமுரா சபுரோ என்பவர், பின்னாளிற் 'தெம்பூ' என்னும் பெயராற் புகழ் பெற்றார். வானக் காற்று என்பது அப்பெயரின் பொருள். இளமையில் அடங்காத வீரமுடையவர். 1904 இல் மூண்ட ருஷ்ய - யப்பானியப் போர்க்காலத்தில் மஞ்சூரியாவில் ஒற்றராகப் பணிபுரிந்தவர். போரிலே பலமுறை சாவை எதிர்கொண்டும் அஞ்சாத அவர், போர் முடிந்தபின் கடுமையான சயரோகத்துக்கு ஆளானார். உடல் மெலியவே உள்ளமும் தளர்ந்தது. முன்பு வாளுக்கு அஞ்சாதவர் இப்போது இருமலுக்கு அஞ்சினார். இம்மாற்றமே அவரைப் பெருவியப்பில் ஆழ்த்திற்று. உடல் கெட மனமும் கெடுவது ஏன்? மனத்தை உடலின் பிடியிலிருந்து மீட்டல் இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடி அவர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றார், நூல்களைக் கற்றார், அறிஞரைக் கண்டார், அமைதி கண்டிலர்.

இதன்பின் நிகழ்ந்தவற்றை அவர் தாமே மாணவர்க்குக் கூறியுள்ளார். 1911 ஆம் ஆண்டிலே தாயகம் சென்று இறக்கலாம் எனத் திரும்பும் வழியில், எகிப்து நாட்டில் காரியப்பா என்னும் யோகியை அவர் கண்டார். அவரைப் பின்தொடர்ந்து கஞ்சன்ஜங்கா மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றை அடைந்து, அங்கு சில ஆண்டுகள் பயின்றார். குரு அவரை நாள்தோறும் ஓர் அருவியின் அருகே அமரச் செய்தார். காதைச் செவிடாக்கும் அப்பேரொலியினிடையே பறவையின் குரலைக் கேள் என்றார். அது கைவந்தபின், ஒலி யாவற்றுக்கும் அப்பாலுள்ள வானத்தின் குரலைக் கேள் என்றார். நாளடைவில், அருவி ஒலித்துக்கொண்டிருக்கவும் உள்ளம் அதனைப் பற்றாது நிற்கும் ஒரு பேரமைதியை அவர் உணர்ந்தார். வானத்தின் குரல் என்பது குரலன்று, அவ்வமைதியே எனத் தெளிந்தார்.

நாடு திரும்பி வங்கியிலும் வாணிகத்திலும் உயர்நிலை அடைந்த தெம்பூ, 1919 ஆம் ஆண்டில் அவற்றைத் துறந்து, தாம் கண்டதைப் பிறர்க்குக் கற்பிக்கப் புறப்பட்டார். அவர் நிறுவிய கழகம் பின்னர் 'தெம்பூகாய்' எனப் பெயர் பெற்றது. அவர் தம் முறைக்கு இட்ட பெயர் 'சின்சின் தோயிற்சு'; மனமும் உடலும் ஒன்றுபடுதல் என்பது பொருள். யோகம் என்னும் சொல்லுக்கும் இணைதல் என்றே பொருளாதல் ஈண்டு நோக்கத்தக்கது. 1968 ஆம் ஆண்டில், தமது தொண்ணூற்றிரண்டாம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் வகுத்த பயிற்சிகளில் நான்கினை இங்கு விளக்குவோம்.

முதலாவது, உறங்குமுன் எண்ணத்தைத் தூய்மை செய்தல். பகலில் அடைந்த கவலையையும் சினத்தையும் படுக்கைக்குக் கொண்டுசெல்லலாகாது. உறக்கம் தழுவும் வேளையில் அறிவின் காவல் தளர்கின்றது. அப்போது எண்ணுவது உள்மனத்தில் எளிதிற் பதிகின்றது. ஆதலால், மகிழ்ச்சி தரும் நினைவுகளையே அவ்வேளையில் எண்ணுதல் வேண்டும். அன்றியும், கண்ணாடியிலே தன் முகத்தை நோக்கி, "உன் உள்ளம் உறுதி பெறும்" என்பது போன்ற ஒரு கட்டளையைத் தனக்குத்தானே இட்டு உறங்குதல் வேண்டும்.

இரண்டாவது, பகலிற் சொல்லைக் காத்தல். சினம், அச்சம், துயரம் என்னும் மூன்றுக்கும் அன்றைய நாளில் இடங்கொடேன் என்று காலையில் உறுதி கொள்ளவேண்டும். தளர்ந்த சொற்களைப் பலமுறை கூறுபவன் தளர்ந்தவனாகவே ஆகின்றான் என்பது அவர் கருத்து.

மூன்றாவது, 'கும்பஹாக்கா'. இச்சொல் நமது கும்பகமே. நம் நூல்களிற் கும்பகம் மூச்சை உள்நிறுத்தலைக் குறிக்கும். தெம்பூ அதனை ஓர் உடல்நிலையாக விரித்தார். எருவாயைச் சுருக்குதல், தோள்களைத் தளர்த்துதல், அடிவயிற்றில் வலிமையை நிறுத்துதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். எருவாயைச் சுருக்குதலை நம் நூல்கள் மூலபந்தம் என்னும். திடுக்கிடும் செய்தி வந்தபோதும், வலி தோன்றியபோதும், சினம் எழுந்தபோதும் இந்நிலையை உடனே மேற்கொள்ளின், அதிர்ச்சி நரம்புகளைத் தாக்காது தணியும் என்பது அவர் போதனை.

நான்காவது, ஒலியின் துணையோடு அமர்தல். இடையறாது ஒரே சுருதியில் ஒலிக்கும் ஒரு மின்கருவியை இயக்குவர். பயில்வோர் கண்ணை மூடி, அவ்வொலியிலேயே மனத்தை வைப்பர். எதிர்பாராத கணத்தில் ஒலி சட்டென நிற்கும். அதனைப் பற்றியிருந்த மனம் பற்றுக்கோடின்றி ஒலியற்ற நிலையில் ஒரு கணம் நிற்கின்றது. எண்ணத்தை எண்ணத்தால் விலக்க முயல்வோன் மேலும் எண்ணத்திலேயே சிக்குவான். இங்கோ பல எண்ணம் ஒன்றாகி, அவ்வொன்றும் இல்லாதொழிகின்றது. அருவியருகே கற்ற பாடம் நகரத்து மண்டபத்துக்கு வந்த வகை இதுவேயாகும்.

இவற்றால் விளையும் ஊக்கம் இருவகைப்படும் என்றார் தெம்பூ. பிறரோடு போட்டியிட்டு வெல்வேன் என எழும் ஊக்கம் சார்புடையது. தோல்வி வரின் அது மறையும். வெற்றி தோல்வி இரண்டிலும் கலங்காத தெளிந்த உள்ளத்தின் ஊக்கம் சார்பற்றது. அதுவே நாம் தேடவேண்டுவது. பரீட்சையைக் கண்டு நடுங்கும் மாணவர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று.

இம்முறைகளைப் பற்றி அறிவியல் கூறுவது யாது? மூச்சை உள்ளிழுக்கும்போது இருதயம் சற்று விரைந்தும், வெளிவிடும்போது சற்றுத் தணிந்தும் துடிக்கின்றது. ஆதலின், நீண்டு மெல்ல வெளிவிடும் மூச்சு உடலை அமைதிப்படுத்துதல் வியப்பன்று. 1966 ஆம் ஆண்டிலே தோக்கியோப் பல்கலைக்கழக அறிஞர் கசமற்சுவும் ஹிராயும் ஸென் துறவியரின் மூளை மின்னலைகளை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண் திறந்திருக்கவும் அமைதிக்குரிய அல்பா அலைகள் அவரிடத்துத் தோன்றின. ஒரே ஓசையைப் பலமுறை எழுப்பினால், ஏனையோரின் மூளை பழகிப்போய் அதனைப் பொருட்படுத்தாது விடும். துறவியரின் மூளையோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் விடையளித்தது. எனினும், 1981 இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இவ்வேறுபாட்டைக் காணவில்லை. ஆதலால், தியானத்தாற் பயனுண்டு என்பதோடு நின்று, அற்புதங்களை அதன்மேல் ஏற்றாதிருத்தலே அறிவுடைமை. தெம்பூவின் நோய் தீர்ந்ததைக் கொண்டு, சயரோகத்துக்கு யோகமே மருந்தெனக் கொள்ளுதலும் பிழை. அவர் நோயுற்ற காலத்தில் அந்நோயை அழிக்கும் மருந்து இல்லை. முதன்மையான ஸ்திரெப்ரோமைசின் கண்டறியப்பட்டதே 1943 ஆம் ஆண்டிலாகும். இன்று நோயுற்றோர் மருத்துவரை நாடியபின்னரே யோகத்தைத் துணையாகக் கொள்ளல் வேண்டும்.

இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. அமைதி வேறு, அறம் வேறு. அசையாத உள்ளம் நல்லவன் கையிலும் இருக்கலாம். வாளேந்திய கொடியவன் கையிலும் இருக்கலாம். யப்பானின் வரலாறே இதற்குச் சான்று. 1945 இல் முடிவுற்ற பெரும்போரில், ஸென் தலைவர் பலர் அரசின் படையெடுப்புக்குத் துணைநின்று, அஞ்சாது கொல்லவும் சாகவும் இளைஞரை ஊக்கினர். டோகெனின் வழிவந்த சோத்தோ மரபினர் 1992 ஆம் ஆண்டில் அத்தவற்றை ஒப்புக்கொண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். 1984 ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஒரு யோக வகுப்பாகத் தொடங்கிய ஓம் சின்றிக்கியோ என்னும் குழுவோ, 1995 மார்ச் 20 ஆம் நாள் அந்நகரின் சுரங்கப் புகையிரதங்களில் நச்சு வாயுவைப் பரப்பி மக்களைக் கொன்றது. அதனைச் செய்தோருட் பல்கலைக்கழகங்களிற் பௌதிகமும் மருத்துவமும் கற்றோரும் இருந்தனர் என்பது கல்விக்கூடங்கள் மறக்கலாகாத செய்தி. மூச்சை அடக்கக் கற்ற அவர், குருவின் சொல்லை ஆராயக் கற்றிலர்.

பதஞ்சலியார் எட்டு உறுப்புக்களை வகுத்தபோது ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் முதலில் வைக்கவில்லை. கொல்லாமையும் வாய்மையும் கள்ளாமையும் அடங்கிய இயமத்தையே முதற்படியாக வைத்தார். திருமூலரும் அவ்வாறே இயமம் நியமங்களை முன்வைத்தார். அவ்வரிசையின் காரணம் யப்பானின் வரலாற்றால் நமக்கு நன்கு புலனாகின்றது. தெம்பூவும் தம் மாணவர் நாள்தோறும் கொள்ளவேண்டிய உறுதிமொழியில், சினம் முதலியவற்றை நீக்குதலோடு நேர்மையையும் அன்பையும் சேர்த்தே வைத்தார்.

நம் நெறி கடல் கடந்து சென்று, வேற்றுமொழிப் பெயர் பூண்டு, புதிய பயிற்சிகளோடு நம்மை நோக்கி நிற்கின்றது. உறங்குமுன் உள்ளத்தைத் தூய்மை செய்தலும், காலையில் உறுதி கொள்ளுதலும், துன்பம் வந்துழித் தோளைத் தளர்த்தி அடிவயிற்றில் நிலைத்தலும் பொருட்செலவின்றி எவரும் பயிலத்தக்கன. இயமத்தை அடிப்படையாக இட்டு அவற்றை அதன்மேற் கட்டுவோமாயின், நாம் பெறும் அமைதி நம்மோடு வாழ்வோர்க்கும் நிழலாகும்.