பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகமும் அமெரிக்க வழிநூலும்

மொழி வேறானால் மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. மொழி ஒன்றாகவே இருக்கும்போது, ஒரு நாட்டார் எழுதிய நாடகத்தை மற்றொரு நாட்டார் அப்படியே எடுத்து ஒளிபரப்பாமல், ஊரையும் பேரையும் ஆளையும் மாற்றி மீண்டும் ஆக்கிக்கொள்வது ஏன்? ஆங்கிலம் பேசும் பிரிட்டனுக்கும் அதே ஆங்கிலம் பேசும் அமெரிக்காவுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இது நடந்து வருகிறது. இலண்டனில் வெற்றி கண்ட தொலைக்காட்சி நாடகங்களின் உரிமையை விலைக்கு வாங்கி, அமெரிக்க நிறுவனங்கள் புதிதாகச் சமைக்கின்றன. சில நாடகங்கள் மூலத்தினும் மிக்க புகழ் பெற்றன; பல, சில வாரங்களிலேயே மடிந்தன. இவ்விரு விளைவுக்கும் காரணம் தேடுவது இலக்கியம் கற்பிப்போர்க்குப் பெரிதும் பயன்படும். ஒரு மொழிக்குள் சொல்லேயன்றி வேறு எவையெவை அடங்கிக் கிடக்கின்றன என்பது இங்கே வெளிப்படக் காணலாம்.

முதலிற் கூறத்தக்கது, பி.பி.சி. 1965ல் தனி நாடகமாகவும் 1966 முதல் தொடராகவும் ஒளிபரப்பிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்பது. எழுதியவர் ஜானி ஸ்பைட். கதைத்தலைவன் ஆல்ஃப் கார்னெட், கிழக்கு இலண்டனில் வாப்பிங் பகுதியிற் குடியிருக்கும் தொழிலாளி. கையிற் காசில்லை, கல்வியும் இல்லை, ஆயினும் அரசகுடும்பத்தையும் கன்சர்வேட்டிவ் கட்சியையும் கண்மூடிப் போற்றுவான். குடியேறி வந்த கறுப்பரையும் ஆசியரையும் யூதரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவான். மருமகன் மைக், லிவர்ப்பூல் நகரத்துப் பொதுவுடைமைச் சார்பினன். ஒரே கூரையின்கீழ் மாமனும் மருமகனும் நாள்தோறும் மோதுவதே கதை. அறியாமை எவ்வாறு ஆணவமாக மாறுகிறது என்று காட்டி, அந்த மனிதனைக் கண்டு நாடு சிரிக்கவேண்டும் என்பதே ஆசிரியர் கருத்து. ஆல்ஃப் ஆக நடித்த வாரன் மிட்செல் தாமே ஒரு யூதர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இந்நாடகத்தைப் பற்றிக் கேள்வியுற்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் நார்மன் லியர், அதிலே தம் தந்தையைக் கண்டார். அவர் வீட்டிலும் தந்தையும் மகனும் இப்படித்தான் பொருதிக்கொண்டார்களாம். உரிமை பெற்று 1968லும் 1969லும் ஏ.பி.சி. நிறுவனத்துக்கு மாதிரி நாடகம் இரண்டு தயாரித்துக் கொடுத்தார். அந்நிறுவனம் அஞ்சிக் கைவிட்டது. பின்னர் சி.பி.எஸ். நிறுவனம் ஏற்று, 1971 ஜனவரி 12ஆம் நாள் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற பெயரில் வெளியிட்டது. அன்று நாடகம் தொடங்குமுன், மனிதரின் குறைகளையும் தப்பெண்ணங்களையும் சிரிப்பின் மூலம் எடுத்துக்காட்டுவதே நோக்கம் என்று ஓர் அறிவிப்பையும் திரையிற் காட்டினர். அத்துணை அச்சம்!

இனி, மாற்றங்களைக் காண்போம். வாப்பிங் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியாயிற்று. ஆல்ஃப் ஆர்ச்சி பங்கர் ஆனான். அமெரிக்காவில் அரசி இல்லை. ஆகவே ஆல்ஃபின் அரசபக்தி அங்கே செல்லாக்காசு. அவ்விடத்தை அதிபர் நிக்சன் மீது வைத்த நம்பிக்கையும், வியட்நாம் போரை எதிர்ப்போர் மீது கொண்ட எரிச்சலும் நிரப்பின. லிவர்ப்பூல் மருமகன் போலந்து வழிவந்த கல்லூரி மாணவன் ஆனான். பிரிட்டனில் தெற்கு வடக்கு என்றும் தொழிலாளி முதலாளி என்றும் இருந்த வேறுபாடு, அமெரிக்காவில் எந்த நாட்டிலிருந்து எவர் எப்போது குடிவந்தார் என்னும் வேறுபாடாக உருமாறியது. அடுத்த வீட்டிலே ஜெஃபர்சன் என்னும் கறுப்பர் குடும்பத்தையும் குடியேற்றினார் லியர். இஃது ஓர் அரிய சூழ்ச்சி. ஆல்ஃப் தன்னால் ஏசப்படுவோரை முகத்துக்கு நேரே காண்பது அரிது. ஆர்ச்சிக்கோ அவர்கள் வேலிக்கு அப்பால் நிற்கிறார்கள், வாயிலைத் தட்டிக்கொண்டு உள்ளேயும் வருகிறார்கள்.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் மனைவியிடத்தே நிகழ்ந்தது. ஆல்ஃபின் மனைவி எல்ஸ், சலித்துப்போன கூர்நாக்குக்காரி. ஆர்ச்சியின் மனைவி எடித் ஆக வந்த ஜீன் ஸ்டேப்பிள்டன் அம்மையார், கள்ளமற்ற அன்பே வடிவான ஒருத்தியாக நடித்தார். கணவன் எவ்வளவு கடுமொழி கூறினும், இவளால் நேசிக்கப்படும் ஒருவன் முழுதும் தீயவனாக இருத்தல் இயலாது என்று காண்போர் எண்ணத் தொடங்கினர். அமெரிக்கர் வாரந்தோறும் தம் கூடத்துக்குள் அழைக்கும் விருந்தாளியிடம் சிறிதேனும் ஈரம் எதிர்பார்க்கிறார்கள். பிரிட்டிஷார்க்கு அந்தத் தேவை அவ்வளவு இல்லை. இவ்வேறுபாடு பின்வந்த பல நாடகங்களிலும் தலைகாட்டும்.

நாடகம் 1971 முதல் 1976 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து அமெரிக்காவில் மிகுதியானோர் பார்த்த நிகழ்ச்சியாக விளங்கியது. ஆர்ச்சியும் எடித்தும் அமர்ந்த நாற்காலிகள் 1978ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றன. அரசர் அமர்ந்த சிங்காதனம் இல்லாத நாட்டில் இதுவும் ஒரு சிங்காதனந்தான் போலும்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அது சிறிய கேள்வியன்று. மக்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? 1974ல் விட்மார், ரோக்கீச் என்னும் உளவியல் ஆய்வாளர் இருவர் அமெரிக்க இளைஞரிடமும் கனடா நாட்டுப் பெரியோரிடமும் இதனை ஆராய்ந்தனர். இனவெறுப்பு மிகுந்தோர், அது குறைந்தோரைக் காட்டிலும் ஆர்ச்சியை அதிகமாகப் போற்றினர் என்றும், சண்டையில் வெல்பவன் அவனே என்று கருதினர் என்றும் கண்டனர். ஒரே காட்சி, இருவேறு செவிகளில் இருவேறு பொருள். பிரிட்டனிலும் இதுவே நேர்ந்தது. ஆல்ஃபின் ஏச்சுப் பேச்சை ஏற்றுப் பாராட்டியோர் அங்கும் இருந்தனர். அங்கத நூல்களைப் பாடம் சொல்வோர் யாவரும் இவ்வாய்வை மனத்திற் கொள்ளல் வேண்டும். சொல்பவன் யார், அவனை ஆசிரியர் எங்ஙனம் நிறுத்தியுள்ளார் என்று பிரித்துக் காட்டாவிடின், நஞ்சை மருந்தென்று பருகும் மாணவர் ஓரிருவர் எவ்வகுப்பிலும் இருப்பர்.

நிற்க. இரண்டாவது நாடகம் முதலாவதினும் சுவையானது. ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் என்னும் இரட்டையர் எழுதி, 1962 ஜனவரியில் பி.பி.சி. வெளியிட்ட 'ஸ்டெப்டோ அண்ட் சன்'. மேற்கு இலண்டனில் குதிரைவண்டி ஓட்டிச் சென்று பழைய இரும்பும் கந்தலும் வாங்கும் தந்தையும் மகனுமே கதைமாந்தர். சிங்கையில் காராங் கூனி என்று வழங்கும் தொழில் ஏறக்குறைய அதுதான். மகன் ஹாரல்டுக்கு உயர்ந்த இசை, நல்ல நூல், நாகரிக நட்பு இவற்றின்மேல் தீராத ஆசை. தந்தை ஆல்பர்ட்டுக்கோ மகன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்ற அச்சம். முதல் நாடகத்தின் இறுதியில், மகன் தன் உடைமைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறான். தந்தை குதிரையைத் தர மறுக்கிறான். மகன் தானே வண்டியை இழுக்கிறான், இழுக்கிறான், வண்டி ஓர் அங்குலமும் அசையவில்லை. அழுகிறான். நகைச்சுவை நாடகம் என்று அறிவிக்கப்பட்ட ஒன்றில் இப்படி ஒரு முடிவு! பிறந்த வகுப்பை விட்டு ஒருவன் வெளியேற இயலாமையை அந்த வண்டியினும் தெளிவாகச் சொல்ல ஒரு நூல் வேண்டுமோ?

இத்தொடரின் செல்வாக்குக்கு ஒரு சான்று கூறலாம். 1964 பொதுத்தேர்தல் நாளன்று மாலை இது ஒளிபரப்பாக இருந்தது. தொழிலாளர் வீட்டை விட்டு வாக்களிக்க வாராரோ என்று கவலையுற்ற தொழிற்கட்சித் தலைவர் ஹாரல்ட் வில்சன், பி.பி.சி.யிடம் பேசி நேரத்தைத் தள்ளிவைக்கச் செய்தார். தேர்தலில் அவர் கட்சியே சிறிய பெரும்பான்மையில் வென்றது.

1965ல் வெள்ளை நடிகர்களைக்கொண்டு அமெரிக்கர் செய்த மாதிரி நாடகம் ஒன்று ஒளிபரப்பைக் காணவே இல்லை. பின்னர் லியரும் அவர் கூட்டாளி பட் யார்க்கினும் அதனைக் கறுப்பரின் கதையாக மாற்றி, 1972 ஜனவரியில் 'சான்ஃபர்ட் அண்ட் சன்' என்று என்.பி.சி. வழியே வெளியிட்டனர். களம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி. 1965 ஆகஸ்டில் 34 பேர் மாண்ட கலவரம் நடந்த இடம் அது. குதிரைவண்டி பழைய லாரியாயிற்று. தந்தையாக நடித்த ரெட் ஃபாக்ஸின் இயற்பெயரே சான்ஃபர்ட் என்பது. ஒரு வியப்பு: முதன்முதல் தந்தை வேடம் புனைந்தபோது இலண்டனில் வில்ஃபிரட் பிராம்பெல்லுக்கும் வயது 49, அமெரிக்காவில் ஃபாக்ஸுக்கும் வயது 49. கிழப்பருவம் இருவர்க்கும் வேடமே.

தொடக்கத்தில் ஸ்டெப்டோவின் கதைகளையே எடுத்தாண்டனர். ஆனால் பொருள் மாறிவிட்டது. ஹாரல்டைக் கட்டிப்போட்டது வகுப்பு. லமான்ட் என்னும் அமெரிக்க மகனுக்கு வெளியே நிற்கும் தடை நிறம். வெளியுலகம் அப்படியிருக்கையில், தந்தையை விட்டுப் போகாமை தோல்வியாகத் தோன்றவில்லை, பற்றாகவே தோன்றியது. கிழவன் மார்பைப் பிடித்துக்கொண்டு, மறைந்த மனைவி எலிசபெத்தை வானோக்கி அழைத்து, நெஞ்சுவலி வந்ததாக நடிப்பான். ஆல்பர்ட்டின் சூழ்ச்சியில் இருந்த கொடுமை இங்கே விளையாட்டாய்க் கரைந்தது. அழுகையை இழந்தது இழப்பே. ஆயினும் கறுப்பர் தம் வீட்டில் தம்முள் பேசிச் சிரிப்பதை அமெரிக்க நாடு முழுதும் அமர்ந்து பார்த்தது என்பது சிறிய ஆதாயம் அன்று. ரிச்சர்ட் பிரையர், பால் மூனி போன்ற கறுப்பு நகைச்சுவையாளரும் இதற்கு எழுதினர். 1972-73 பருவத்தில் இது அமெரிக்காவில் இரண்டாமிடம் பெற்றது, முதலிடம் ஆர்ச்சிக்கு.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவையெல்லாம் வழிநூல் என்று உடனே தோன்றும். தொல்காப்பிய மரபியல் வழிநூலைச் சுருக்குவது, விரிப்பது, இரண்டும் கலந்தது, மொழிபெயர்ப்பது என நான்காகக் கொள்ளும். நன்னூலாரோ, வழிநூல் முன்னூலின் முடிபோடு ஒத்துச் சென்று, பின்னோன் விரும்பும் வேறுபாட்டையும் கொள்ளலாம் என்பார். அமெரிக்கர் செய்வது பெரும்பாலும் விரித்தல். அதற்குத் தொழில்முறைக் காரணம் உண்டு. பிரிட்டனில் ஒரு பருவத்துக்கு ஆறு அல்லது ஏழு நாடகங்கள். எழுதுவோர் ஒருவர் அல்லது இருவர். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் ஒரு பருவத்துக்கு 20க்கு மேல் எழுத வேண்டும். ஆகவே ஓர் அறையில் பத்துப்பேர் கூடி எழுதுவர். ஏறத்தாழ நூறு நாடகங்கள் சேர்ந்துவிட்டால், அவற்றை ஊர்தோறும் உள்ள நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக விற்று நெடுங்காலம் பொருளீட்டலாம். விளம்பர இடைவேளை போக அரைமணி நாடகம் 22 நிமிடமாகச் சுருங்கும். பி.பி.சி. உரிமக் கட்டணத்தால் நடப்பது. அங்கே அரைமணி ஏறக்குறைய அரைமணியே. ஆறு நாடகங்களுக்கு ஒரு கொடியவனைத் தாங்கலாம். இருநூறுக்குத் தாங்க முடியுமா?

முடிபு ஒவ்வாதபோது என்னாகும் என்பதற்கு 'ஃபால்ட்டி டவர்ஸ்' சான்று. 1975லும் 1979லும் பன்னிரண்டே நாடகங்கள். விருந்தினரை வெறுக்கும் விடுதிக்காரன் பேசில் கதை. அமெரிக்கர் மும்முறை முயன்று மும்முறையும் தோற்றனர். அவற்றுள் 1983ல் வந்த 'அமாண்டாஸ்' என்பதைப் பற்றி மூலத்தின் நாயகர் ஜான் கிளீஸ் சொல்லும் கதை புகழ்பெற்றது. என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டாராம். பேசிலை நீக்கிவிட்டோம் என்றார்களாம். இராவணன் இல்லாத இராமாயணம்! மாற்றாமலே கெட்டதும் உண்டு. 2003ல் என்.பி.சி. எடுத்த 'கப்ளிங்', மூலத்தை ஒட்டியே எழுதப்பட்டும் நான்கு நாடகங்களோடு நிறுத்தப்பட்டது.

'தி ஆஃபீஸ்' இவ்விரு குழியிலும் விழாமல் தப்பியது, தப்பியதும் மயிரிழையில்தான். ரிக்கி ஜெர்வேஸ், ஸ்டீஃபன் மெர்ச்சன்ட் இருவரும் எழுதி 2001ல் பி.பி.சி. வெளியிட்ட மூலம், ஸ்லவ் என்னும் ஊரில் உள்ள காகித வணிகக் கிளையின் மேலாளர் டேவிட் பிரென்ட்டைப் பற்றியது. எல்லாரும் தன்னை விரும்புவதாக எண்ணிக்கொள்ளும் அம்மனிதன், இரண்டாம் பருவ முடிவில் வேலையை இழந்து, விலக்கவேண்டாம் என்று கெஞ்சுவான். பார்ப்போர்க்குத் தொண்டை அடைக்கும். மொத்தம் 14 நாடகங்களில் கதை முடிந்தது.

2005 மார்ச்சில் என்.பி.சி. தொடங்கிய அமெரிக்க வடிவின் முதல் நாடகம், பெரும்பாலும் மூலத்தின் வசனத்தையே பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் நகரில் வைத்துப் பேசியது. எடுபடவில்லை. ஸ்டீவ் காரெல் நடித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட், பிரென்ட்டின் நிழலாகவே தெரிந்தான். இரண்டாம் பருவத்தில் பொறுப்பாளர் கிரெக் டேனியல்ஸும் குழுவினரும் ஒரு நுட்பமான திருத்தம் செய்தனர். மைக்கேல் மேலாண்மை தெரியாதவன்தான். ஆனால் விற்பனையில் வல்லவன் என்று ஒரு நாடகத்தில் காட்டினர். பெரிய வாடிக்கையாளர் ஒருவரைச் சாதாரண உணவகத்துக்கு அழைத்துச் சென்று, வேடிக்கை பேசியே ஒப்பந்தத்தை முடித்துவிடுவான். அன்றுமுதல் அவன் தகுதியற்றவன் அல்லன். தகாத நாற்காலியில் அமர்ந்தவன். தன் ஊழியரை உண்மையாகவே குடும்பம் என்று நம்புபவன். 2013 மே வரை 201 நாடகங்கள் ஓடின. பிரிட்டிஷ் அலுவலகத்தில் மக்கள் வாழ்நாளை இழந்துகொண்டிருந்தனர். அமெரிக்க அலுவலகத்தில் வாழ்ந்துகொண்டிருந்தனர். மூலத்தின் கசப்பே உயர்ந்தது என்போர் பிரிட்டனில் பலர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு விதை வேறு மண்ணில் வேறு மரமாவதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

நகைச்சுவை அல்லாத நாடகத்துக்கும் ஒரு சான்று காட்டலாம். மைக்கேல் டாப்ஸின் புதினத்தைத் தழுவி 1990 நவம்பர் 18ல் பி.பி.சி. தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்', ஆளுங்கட்சிக் கொறடா ஒருவர் சூழ்ச்சியால் பிரதமராவதைக் கூறும். தொடங்கிய நான்காம் நாளே மார்கரெட் தாட்சர் அம்மையார் தம் கட்சியினரின் எதிர்ப்பால் பதவி விலகுவதாக அறிவித்தார். நாடாளுமன்ற முறையில் தலைவரை வீழ்த்தத் தம் கட்சியாரே போதும். ஆகவே நான்கே பகுதிகளில் கதை முடிந்தது. 2013ல் நெட்ஃபிளிக்ஸ் அதனை வாஷிங்டனுக்குக் கொண்டுசென்றபோது, அமெரிக்க அதிபரை அவ்வாறு அகற்ற வழியில்லை. கொறடா முதலில் துணை அதிபராக வேண்டும். பின்னர் அதிபர் தாமே விலகும் நிலைக்குத் தள்ளப்படவேண்டும். அந்த நாற்காலியில் அவர் சென்று அமர 26 பகுதிகள் ஆயின.